கோட்டின் மேல் எழுதாமல் விட்ட மணிக்கணக்கு

குடிநீரேற்று நிலையம் ஒன்றின் மின் பராமரிப்பை நான் கவனித்துவந்த காலத்தில், ஓர் இரவு பத்து மணியளவில் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் பத்து விநாடிக்குள் தானாகவே சுமையை ஏற்றுக்கொண்டது. பம்புகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. பதிவேட்டில் நேரத்தைக் குறித்துவிட்டு, இனிக் கவலையில்லை என்று அவரவர் இடத்துக்குத் திரும்பினோம். விடிந்தும் மின்சாரம் வரவில்லை. எஞ்சினை ஒட்டியிருந்த டே டேங்கில் டீசல் மட்டம் கால்வாசிக்கும் கீழே இறங்கியிருந்தது. அது 900 லிட்டர் கொள்ளும் தொட்டி. அன்றைய சுமையில் எஞ்சின் மணிக்கு 90 லிட்டர் வரை குடித்துக்கொண்டிருந்தது. வளாகத்தின் மறுகோடியில் நிலத்தடித் தொட்டியில் இன்னும் ஆறேழாயிரம் லிட்டர் இருந்ததால் பதற்றமில்லாமல் போய், அங்கிருந்து எண்ணெயை ஏற்றும் டிரான்ஸ்ஃபர் பம்பின் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். பம்ப் அசையவில்லை.

மோட்டார் எரிந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். மோட்டாரில் குறையில்லை. கேபிளைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தபோது, அது முதன்மைப் பேனலில், அதாவது வெளி மின்சாரம் வந்தால் மட்டுமே உயிர்பெறும் பக்கத்தில், இணைக்கப்பட்டிருந்தது. ஜெனரேட்டர் ஊட்டுவதோ அவசரப் பேனலை மட்டும். ஆக, மின்சாரம் இருக்கும்போது டீசலை ஏற்றலாம், ஆனால் அப்போது டீசலுக்கு வேலையில்லை. டீசல் தேவைப்படும்போது அதை ஏற்ற மின்சாரம் இல்லை. கையால் சுற்றும் பம்பைப் பொருத்தி, இருவர் மாறி மாறிச் சுற்றி, வாளி வாளியாகச் சுமந்து நண்பகல்வரை ஓட்டினோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

தவறான பேனலில் கேபிளைப் போட்டது யார் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எங்கள் சோதனை முறைதான் இன்றும் உறுத்துகிறது. மாதம் தவறாமல் ஜெனரேட்டரை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அது தேறியது. அரை மணி நேரத்தில் தீர்ந்த டீசலை, சோதனை முடிந்து வெளி மின்சாரம் திரும்பிய பிறகு, அதே டிரான்ஸ்ஃபர் பம்பைக் கொண்டுதான் நிரப்பினோம். அந்தப் பம்ப் எங்களுக்கு ஒரு நாளும் தவறு செய்யவில்லை. அரை மணி நேரச் சோதனையை ஆயிரம் முறை செய்தாலும் பதினோராவது மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதை அது சொல்லாது.

இன்றியமையாத உள்கட்டமைப்புகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ரினால்டி, பியரன்பூம், கெல்லி ஆகிய மூவர் 2001-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. அது இத்தகைய சார்புகளை நான்காகப் பிரிக்கிறது: ஒன்றின் விளைபொருள் மற்றொன்றுக்கு உள்ளீடாகும் பௌதிகச் சார்பு, தகவல் வழியாக ஏற்படும் சார்பு, ஒரே இடத்தில் அமைந்திருப்பதால் வரும் புவியியல் சார்பு, சட்டம், சந்தை, மனித முடிவுகள் போன்றவற்றால் உண்டாகும் தர்க்கச் சார்பு. பால்டிமோர் நகரின் ஹோவர்டு தெருச் சுரங்கப் பாதையில் 2001 ஜூலை 18 அன்று சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடித்தபோது, மேலே சென்ற பெரிய குடிநீர்க் குழாய் உடைந்ததும், சுரங்கத்துக்குள் சென்ற கண்ணாடி இழைக் கேபிள்கள் கருகி இணையம் தடுமாறியதும் மூன்றாவது வகை. ரயிலுக்குத் தண்ணீரோ, தண்ணீருக்கு இணையமோ அங்கே தேவைப்படவில்லை. அக்கம்பக்கத்தில் குடியிருந்தன, அவ்வளவுதான். நான் பேச விரும்புவது முதல் வகையை. கிலோவாட்டாக, லிட்டராக, டன்னாக அளக்கக்கூடிய ஏதோவொன்று ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே வேலை நடக்கும் என்ற நிலை அது.

இந்தச் சார்பை விளக்க எல்லோரும் பெட்டிகளும் அம்புக்குறிகளும் வரைகிறார்கள். மின்சாரத்திலிருந்து தண்ணீருக்கு ஓர் அம்பு, தண்ணீரிலிருந்து அனல்மின் நிலையத்துக்கு ஓர் அம்பு, எரிவாயுவிலிருந்து மின்சாரத்துக்கு ஒன்று, மின்சாரத்திலிருந்து தொலைத்தொடர்புக்கு ஒன்று என்று வரைந்து முடித்தால், எல்லாம் எல்லாவற்றையும் சார்ந்திருக்கிறது என்பது மட்டும் விளங்கும். அது வரையாமலே தெரிந்ததுதான். என் கருத்தில் அந்தப் படத்தில் விடுபடுவது ஒவ்வோர் அம்பின் மேலும் இருந்திருக்க வேண்டிய ஓர் எண்: அந்த அம்பு அறுந்தால், அதன் மறுமுனையில் இருப்பது எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும்?

அந்த எண் துறைக்குத் துறை மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது. மின்நிலையங்களையும் நுகர்வோரையும் கம்பிகளால் இணைக்கும் மின்கட்டத்தில் உற்பத்தியும் நுகர்வும் கணத்துக்குக் கணம் ஈடாக இருந்தாக வேண்டும். சுழலும் டர்பைன்களில் பொதிந்திருக்கும் ஆற்றல் தாங்குவது சில விநாடிகளே. எரிவாயுக் குழாய்த்தொடரில் அழுத்தத்தோடு அடைந்து நிற்கும் வாயு சில மணி நேரத்துக்குக் கைகொடுக்கும். மேல்நிலை நீர்த்தொட்டி பெரும்பாலும் அரை நாளோ ஒரு நாளோ தாங்கும். செல்பேசிக் கோபுரத்தின் மின்கலங்கள் இடத்தைப் பொறுத்துச் சில மணி நேரம். அனல்மின் நிலையத்தின் நிலக்கரிக் கிடங்கு நாட்கணக்கில், நல்ல காலத்தில் வாரக்கணக்கில். நீர்ச் சுத்திகரிப்புக்கான குளோரின் இருப்பும் அப்படித்தான். ஒரு தடங்கல் எவ்வளவு தூரம் பரவும் என்பதை அம்புகளின் எண்ணிக்கையைவிட இந்தக் கையிருப்புகளே தீர்மானிக்கின்றன. இரண்டு மணி நேர மின்தடை நகரத்துக்கு ஓர் எரிச்சல். முப்பது மணி நேர மின்தடை வேறொரு நிகழ்வு, வேறொரு பெயர் வைக்கத்தக்கது.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரம் அந்த முப்பது மணி நேரத்தை வாழ்ந்து பார்த்தது. 2015 டிசம்பர் 5 அன்று டெஸ்மண்ட் புயல் மழையில் ஆறு கரைபுரண்டு ஒரு துணைமின் நிலையத்துக்குள் புகுந்தது. இரவு பதினொரு மணிக்குச் சற்று முன்பு 61,000 இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. பின்பு நடந்தவை ஏறக்குறைய கையிருப்புகளின் வரிசைப்படியே நடந்தன. வீட்டு இணைய மோடம்கள் அந்த நொடியே அணைந்தன. செல்பேசி நிலையங்கள் பலவற்றில் மின்கலம் இருந்தது ஓரிரு மணி நேரத்துக்குத்தான். அதன் பின் அவையும் ஓய்ந்தன. அடுக்குமாடிகளின் மேல்தளங்களில் குழாயில் தண்ணீர் நின்றது, ஏனென்றால் அங்கே நீரை ஏற்றுவது மின்பம்ப். பழைய செப்புக்கம்பித் தொலைபேசி, இணைப்பகத்தின் மின்கலங்களிலிருந்தே மின்சாரம் பெறுவதால், வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் வீட்டிலிருப்பதோ சுவரில் செருகும் கம்பியில்லாக் கருவி. இணைப்பு உயிரோடு இருக்க, கருவி செத்துக் கிடந்தது. கையிருப்பு கொண்ட ஒரு பழைய அமைப்பின் மேல், கையிருப்பே இல்லாத ஒரு சாதனத்தை வசதிக்காக வைத்திருந்தார்கள்.

வட அமெரிக்காவில் 2003 ஆகஸ்ட் 14 அன்று ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரை இருட்டில் தள்ளிய மின்தடையின்போது கிளீவ்லாந்து நகருக்கு நேர்ந்ததும் இவ்வகையே. உலகின் பெரிய நன்னீர் ஏரிகளில் ஒன்றான ஈரி ஏரியின் கரையில் இருக்கிறது அந்நகரம். ஏரியிலிருந்து மேட்டுப் பகுதிகளுக்கு நீரை உந்தும் நிலையங்களுக்கு மாற்று மின்சாரம் இல்லாததால், தொட்டிகள் வற்ற வற்றக் குழாய்கள் காய்ந்தன. மின்சாரம் திரும்பிய பிறகும் நீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அறிவிப்பு நீடித்தது, ஏனெனில் அழுத்தம் இழந்த குழாய்க்குள் வெளியிலிருந்து மாசு கசிந்திருக்கலாம். மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டால் தண்ணீர் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடாது என்பதை மின்துறையில் இருந்த நான் வெகுகாலம் உணராமல் இருந்தேன்.

இவையெல்லாம் ஒருவழிச் சங்கிலிகள். மேலே அறுந்தால் கீழே வாடும். மேலே சரிசெய்தால் சிறிது தாமதித்துக் கீழேயும் சரியாகும். சங்கிலி வளைந்து தன் தலையைத் தானே கவ்வும்போதுதான் விஷயம் வேறாகிறது. 2012 ஜூலை 31 அன்று இந்தியாவின் மூன்று மின்மண்டலங்கள் சரிந்து, அறுபது கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் பகுதியில் மின்சாரம் அற்றுப்போனபோது, மேற்கு வங்கத்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நிலத்துக்கடியில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை மேலே கொண்டுவரும் லிஃப்ட் மின்சாரத்தில் ஓடுவது. பின்னர் அவர்கள் பத்திரமாக மேலேற்றப்பட்டார்கள். அதே வேளையில் நூற்றுக்கணக்கான ரயில்கள் ஆங்காங்கே நின்றன. நிலக்கரி வெட்ட மின்சாரம், அதைச் சுமந்து செல்லும் ரயில் எஞ்சினுக்கு மின்சாரம், மின்சாரம் ஆக்க நிலக்கரி. அன்று இந்த வளையம் இறுகாததற்குக் காரணம், மின்நிலையங்களின் முற்றத்தில் குவிந்து கிடந்த சில நாள் கரியும், மின்தடை மணிக்கணக்கில் முடிந்ததும்தான். அதாவது வளையத்தின் ஒரு கண்ணியில் எழுதியிருந்த எண் பெரியதாக இருந்தது.

டெக்சஸில் 2021 பிப்ரவரியில் அந்த எண் சிறியதாக இருந்தது. அங்கே மின்சாரத்தின் பெரும்பகுதி எரிவாயுவிலிருந்து வருகிறது. எரிவாயுவை மின்நிலையத்தின் முற்றத்தில் யாரும் குவித்து வைப்பதில்லை, அது குழாயில் வரவர எரிக்கப்படுகிறது. கடுங்குளிர் வந்ததும் வாயுக் கிணறுகளின் வாய்ப்பகுதியில் வாயுவோடு வரும் நீர் உறைந்து அடைத்துக்கொண்டது. மின்நிலையங்களிலும் கருவிகளின் மெல்லிய குழாய்கள் உறைந்தன. வீடுகளைச் சூடாக்கும் தேவையோ உச்சத்துக்குப் போனது. பிப்ரவரி 15 அதிகாலை இரண்டு மணிக்குச் சற்று முன்பு, 60 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய, உற்பத்தி தேவைக்குப் போதாதபோது இறங்கும் மின்கட்ட அதிர்வெண் 59.4-க்குக் கீழே இறங்கி 4 நிமிடம் 23 விநாடி அங்கேயே கிடந்தது. ஒன்பது நிமிடம் அப்படி இருந்திருந்தால் பாதுகாப்பு ரிலேக்கள் மின்நிலையங்களைத் தாமாகவே கழற்றியிருக்கும். மாநிலத்தின் கட்டம் முழுவதும் விழுந்திருக்கும். அதைத் தடுக்கக் கட்டுப்பாட்டு அறையினர் சுமையை வெட்டினார்கள், அதாவது பல பகுதிகளுக்கு மின்சாரத்தைத் துண்டித்தார்கள், உச்சத்தில் 20,000 மெகாவாட் வரை.

அவர்கள் வெட்டிய சுமைக்குள் என்ன இருந்தது என்பதுதான் எனக்கு இந்த முழு வரலாற்றின் நடு நரம்பு. எரிவாயுவைப் பதப்படுத்தும் ஆலைகளும், அதைக் குழாயில் தள்ளும் மின்சாரக் கம்பிரசர்களும் அதே மின்தடங்களில் இருந்தன. இந்த இடம் இன்றியமையாதது, வெட்டாதீர்கள் என்று மின்நிறுவனத்துக்குத் தெரிவிக்க ஒரு படிவம் உண்டு. வாயு நிறுவனங்களில் பல அதை நிரப்பவே இல்லை, அப்படியொரு படிவம் இருப்பதையே சிலர் அறிந்திருக்கவில்லை. தட்டுப்பாடு வரும்போது மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ள ஒப்புக்கொண்டு, அதற்காகக் கட்டணம் பெறும் திட்டத்தில் சேர்ந்திருந்த வாயு நிலையங்கள்கூட இருந்தன. எனவே மின்சாரத்தைக் காப்பாற்ற வெட்டிய வெட்டு வாயுவைக் குறைத்தது. வாயு குறைந்ததால் மேலும் சில மின்நிலையங்கள் நின்றன. அதனால் மேலும் வெட்ட வேண்டியதாயிற்று. குளிரில் உறைந்ததே முதற்காரணம் என்றாலும், எரிபொருள் கிடைக்காமை அதற்கு அடுத்த இடத்தில் நின்றது என்று அதே ஆண்டு நவம்பரில் வெளியான கூட்டாட்சி விசாரணை அறிக்கை கூறுகிறது. மின்சாரமிழந்த சுத்திகரிப்பு நிலையங்களாலும் உறைந்து வெடித்த குழாய்களாலும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அறிவிப்பு விடப்பட்டது. மாநிலத்தின் அதிகாரபூர்வக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள்.

படிவம் நிரப்பாததைக் கேட்டு நான் முதலில் கோபப்பட்டேன். பிறகு எங்கள் டிரான்ஸ்ஃபர் பம்ப் நினைவுக்கு வந்து கோபம் அடங்கியது. பம்பைப் பொருத்தியவருக்கு அது ஒரு சின்ன மோட்டார். பக்கத்தில் எந்தப் பேனல் இருந்ததோ அதில் இணைத்தார். கம்பிரசர் நிலையத்தாருக்கு அது மாதக் கட்டணம் கட்டும் ஒரு மின்னிணைப்பு. இரு பக்கமும் தத்தம் வேலையைச் செய்தன. இரண்டுக்கும் நடுவில் இருந்த கோடு யாருடைய வரைபடத்திலும் இல்லை.

பெரும்பாலும் இந்தக் கோடு மிகச் சிறிய பொருளொன்றின் வழியாகத்தான் போகிறது. 2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் 13-ஆம் தளத்தில் வெள்ளம் எட்டாத உயரத்தில் இருந்தன. அவற்றுக்கு எரிபொருளை ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன, அடித்தளம் மூழ்கியது. தேசியக் காவல் படையினரும் ஊழியர்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று டீசலைக் கைமாற்றிக் கைமாற்றிப் பதின்மூன்று மாடி ஏற்றினார்கள். ஜெனரேட்டர்கள் ஓடியும், இறுதியில் நூற்றுக்கணக்கான நோயாளிகளை வேறிடங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அதே வாரத்தில் சுற்றுவட்டாரப் பெட்ரோல் நிலையங்கள் பலவற்றில் நிலத்தடித் தொட்டியில் எண்ணெய் இருந்தும் அதை வெளியே எடுக்கும் பம்புக்கு மின்சாரமில்லை. பெல்வியூவைப் பற்றி முதன்முதலில் படித்தபோது வாளியின் கைப்பிடி உள்ளங்கையில் அழுந்திய வலி எனக்கு நினைவுக்கு வந்தது. நாங்கள் சுமந்தது சமதரையில்தான்.

ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் கதையையும் இந்தக் கண்ணோடு படித்தால் வேறொன்று தெரிகிறது. 2011 மார்ச் 11 சுனாமியில் டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அங்கிருந்தவற்றில் பெரும்பாலானவை கடல்நீரால் குளிர்விக்கப்படுபவை. கரையோரத்திலிருந்த கடல்நீர்ப் பம்புகள் போனபோதே, தாம் மூழ்காமல் இருந்திருந்தாலும் அவற்றால் நெடுநேரம் ஓடியிருக்க முடியாது. காற்றால் குளிர்விக்கப்படும் ஜெனரேட்டர்கள் மூன்று இருந்தன. இரண்டாம், நான்காம் உலைகளுக்கு உரியவை நனையாமல் தப்பின. அவற்றின் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பேனல்கள் மூழ்கிவிட்டதால் பயன்படவில்லை. ஆறாம் உலையின் ஜெனரேட்டரும் அதன் பேனலும் சேர்ந்து தப்பின. அந்த ஒன்றுதான் ஐந்தாம், ஆறாம் உலைகளைக் குளிர்ந்த நிலைக்குக் கொண்டுசேர்த்தது.

எல்லாம் விழுந்த பிறகு எழுந்திருப்பது இன்னொரு சிக்கல். அனல்மின் நிலையம் தன் நீர்ப் பம்புகளுக்கும் விசிறிகளுக்கும் கரி அரைக்கும் ஆலைகளுக்கும் தான் ஆக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு முதல் எட்டுப் பங்கைத் தானே செலவிடுகிறது. எனவே வெளியிலிருந்து மின்சாரம் வராமல் அதனால் தொடங்கவே முடியாது. விதை முந்தியதா மரம் முந்தியதா என்ற கேள்விக்கு மின்துறை கண்டுபிடித்த விடைக்குப் பிளாக் ஸ்டார்ட் என்று பெயர்: மின்கலத்தாலும் சிறு டீசல் எஞ்சினாலும் மதகைத் திறந்து ஓடத் தொடங்கும் நீர்மின் நிலையம் ஒன்றிலிருந்து ஒரு மின்பாதையை உயிர்ப்பித்து, அடுத்த நிலையத்தைத் தொட்டு, இருவரும் சேர்ந்து மூன்றாவதைத் தொடுவது. 2025 ஏப்ரல் 28 நண்பகலில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது, நீர்மின் நிலையங்களும் பிரான்ஸ், மொராக்கோ இணைப்புகளும் அப்படித்தான் தீவு தீவாகக் கட்டத்தை மீட்டன. பெருமளவு மீட்சிக்கு மறுநாள் அதிகாலை ஆயிற்று. டெக்சஸில் பிளாக் ஸ்டார்ட்டுக்கென்றே ஒதுக்கியிருந்த நிலையங்களில் பலவும் அந்தக் குளிர் வாரத்தில் உறைந்தோ எரிபொருளின்றியோ முடங்கியிருந்தன. அந்த 4 நிமிடம் 23 விநாடி ஒன்பதாக நீண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள்.

மீட்பு வேலையிலும் மணிக்கணக்கு உண்டு. துணைமின் நிலையங்களின் சுவிட்சுகளை இயக்குவது அங்குள்ள மின்கலங்கள். அவை பெரும்பாலும் சில மணி நேரத்துக்கே தாங்கும். களத்தில் இருப்பவரோடு கட்டுப்பாட்டு அறை பேசும் தொலைத்தொடர்பும் மின்கலத்தில் ஓடுவது. கட்டத்தை மீட்க எட்டு மணி நேரம் ஆகும் இடத்தில் மின்கலம் ஆறு மணி நேரம் தாங்கினால், கடைசி இரண்டு மணி நேரத்தில் ஆட்களை வண்டியில் அனுப்பித்தான் ஒவ்வொரு சுவிட்சையும் கையால் போட வேண்டும். கலிஃபோர்னியாவின் ஒழுங்குமுறை ஆணையம் 2020-இல், காட்டுத்தீ அபாயம் மிகுந்த பகுதிகளில் செல்பேசி நிறுவனங்கள் 72 மணி நேர மாற்று மின்சாரம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இதுவரை நான் கண்ட விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று அது, ஏனென்றால் அதில் ஓர் எண் இருக்கிறது. ‘போதுமான மாற்று ஏற்பாடு’ என்று எழுதும் விதி ஏட்டுச் சுரைக்காய். அரை மணி நேரச் சோதனையில் நாங்களும் போதுமானவர்களாகவே இருந்தோம்.

டெக்சஸ் அந்தக் குளிருக்குப் பிறகு சட்டம் இயற்றி, மின்சாரத்துக்கு வாயு எந்தெந்தக் கிணற்றிலிருந்து எந்தெந்த நிலையம் வழியாக வருகிறது என்ற வரைபடத்தை 2022-இல் உருவாக்கியது. நெடுங்காலமாக இரு துறைகளும் அருகருகே இருந்தும் அப்படியொரு படம் அதுவரை இல்லை.

எங்கள் டிரான்ஸ்ஃபர் பம்பின் கேபிளை அவசரப் பேனலுக்கு மாற்ற ஒரு நாள் பிடித்தது. அரை மணி நேரச் சோதனையை விட்டுவிட்டு, வெளி மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்தி, பகலில் முழுச் சுமையில் 12 மணி நேரம் ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்கினோம். அனுமதி வாங்கத்தான் நான்கு மாதம் ஆயிற்று. டே டேங்க் தடங்கலின்றி நிரம்பியது. மூன்றாம் மணி நேரத்தில் அறை கொதித்து, எஞ்சின் வெப்ப எச்சரிக்கை காட்டியது. அந்த இரவில் கதவுகள் விரியத் திறந்து கிடந்ததால் தப்பித்திருக்கிறோம். சோதனையின்போது இரைச்சலுக்காக அவற்றைச் சாத்தியிருந்தோம். சூடான காற்றை வெளியேற்றும் விசிறி நின்றிருந்தது. அதன் கேபிளைப் பிடித்துக்கொண்டு போனோம். அதுவும் முதன்மைப் பேனலில் போய் முடிந்தது.